அறுபத்திமூணுல நின்ன கேம்

அண்ணாச்சி, அந்தப் பைய மேல தூக்கிப் போட்டுராதிய. இங்கன குடுங்க, மடியில வச்சுக்கிடுதேன். வெடிகுண்டெல்லாம் இல்ல. கற்பூரம். ஒரு டப்பா கட்டிக் கற்பூரம், ஒரு தீப்பெட்டி, ஒரு துண்டு, அவ்வளவுதான். சத்தியம் பண்ணப் போறேன். பூவரசங்குளம் விலக்குல எறங்கி நடந்தா சுடலைமாடன் கோயில், என் பொண்டாட்டி வழிச் சாமி. கற்பூரத்தக் கொளுத்தி வச்சு, "அந்த வயரப் புடுங்குனது நான் இல்ல"ன்னு சொல்லி, உள்ளங்கையால ஒரே அடி. அணைஞ்சிரும். சோலி முடிஞ்சுது. பொண்டாட்டி பெட்டியத் தூக்கிக்கிட்டு எம்பின்னால வந்துருவா.

எந்த வயரா? அதச் சொல்லணும்னா மொதல்லருந்துல்லா சொல்லணும். நீங்க எங்க எறங்குறிய? சங்கரன்கோயிலா? அப்பச் சரி, நேரம் கெடக்கு. சன்னலக் கொஞ்சம் சாத்துங்க, காத்துல நான் பேசுறது எனக்கே கேக்கல.

என் பேரு சொரிமுத்து. பாளையங்கோட்டையில கேம் சென்டர் வச்சிருக்கேன். 'ஸ்ரீ அய்யனார் கேம் சென்டர்'. சிரிக்காதிய, எல்லாரும் சிரிக்கத்தான் செய்யுதாவ. டிவியில மாட்டி வெளையாடுற மெஷின் இருக்கும்லா, கன்சோலும்பாவ, அது ஆறு வச்சிருக்கேன். காலேஜ் பயலுவ வருவானுவ, வெளையாடுவானுவ, கத்துவானுவ, போவானுவ. கூட்டுக்கு என் மச்சினன். உலகம்மாவுக்கு நேர் இளையவன். உலகம்மா என் வீட்டுக்காரி. அவன் பேரு கோமதிநாயகம், நாங்க நாயகம்போம். இருபத்தெட்டு வயசு. கம்ப்யூட்டர் படிச்சவன். படிச்சு என்ன செய்ய, அனுபவம்னு ஒண்ணு வேணும்லா?

இப்பல்லாம் கேம் சிடி தட்டுல வாரதில்ல அண்ணாச்சி. பொட்டலம்னு வச்சுக்கிடுங்க. எழுபது ஜிபி, எண்பது ஜிபின்னு பெரிய பொட்டலம். வாங்கி, நெட்டுல எறக்கணும். எங்க கடை நெட்டுல எறக்குனா ஆடியில ஆரம்பிச்சு ஐப்பசியில முடியும். அதனால நாயகம் அவன் சேக்காளி ஆபீஸ்ல எறக்கி, ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் கொண்டாருவான். அத மெஷின்ல சொருகி, பொட்டலத்தப் பிரிச்சு உள்ள ஏத்தணும். அதுக்குப் பேருதான் இன்ஸ்டால். சுமக்குறது அவன் சோலி. ஏத்துறது என் சோலி.

லேசுப்பட்ட சோலின்னு நெனைக்காதிய. ஹார்ட் டிஸ்க் ஒரே மாதிரியாத்தான் ஃபார்மட் பண்ணியிருக்கணும், வேற மாதிரின்னா மெஷின் மூஞ்சியத் திருப்பிக்கிடும். பொட்டலம் ஃபோல்டருக்குள்ள இருக்கப்படாது, வாசல்லயே நிக்கணும். பேர ஒரு எழுத்து மாத்தப்படாது. ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். நடுவுல நின்னா திரும்பவும் சைபர்லருந்து. ஏன் நின்னுச்சுன்னு சொல்லாது, ஒரு நம்பர மட்டும் காட்டும். இதெல்லாம் மெஷின் போட்ட சட்டம்.

நான் போட்ட சட்டம் தனி. ராகு காலம், எமகண்டத்துல இன்ஸ்டால் கெடையாது. இன்ஸ்டால் ஓடும்போது கடைக்குள்ள எவனும் செருப்புப் போடப்படாது, தும்மப்படாது, ஹார்ட் டிஸ்குக்கும் மெஷினுக்கும் குறுக்க போகப்படாது. ஹார்ட் டிஸ்க எப்பவும் மெஷினோட வலப்பக்க ஓட்டையிலதான் சொருகணும். எடப்பக்கமும் ஒரு ஓட்டை உண்டு, ஆனா நாம சோறு எந்தக் கையில திங்கோம்? நீங்களே சொல்லுங்க. பயலுவ எல்லாம் என் இன்ஸ்டாலப் பாக்குறதுக்குன்னே கையக் கட்டிக்கிட்டு நிப்பானுவ. 'இன்ஸ்டால் அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிடுவானுவ. கேலியாவா? சேச்சே. மரியாதையாத்தான்.

இந்த நேரத்துல நாயகம் ஒரு எளவ எடுத்துக்கிட்டு வாரான். "அத்தான், புது இன்ஸ்டாலர் வந்திருக்கு. எந்த ஹார்ட் டிஸ்கா இருந்தாலும் படிக்கும். எந்த ஃபோல்டருக்குள்ள கெடந்தாலும் தேடிப் புடிக்கும். பத்துப் பொட்டலத்த வரிசையில போட்டுட்டு நாம சாப்பிடப் போயிரலாம். வயர் கழண்டுட்டாக்கூட விட்ட எடத்துலருந்து எடுத்துக்கிடும். பொட்டலம் கெட்டுப் போயிருந்தா ஏத்துறதுக்கு முந்தியே சொல்லிரும். மெஷின்ல எடம் இருக்கான்னு அதுவே பாத்துக்கிடும்."

"அப்ப நான் எதுக்குல?"ன்னேன்.

"நீங்க முதலாளி அத்தான்"ங்கான், பல்லக் காட்டிக்கிட்டு.

எப்படி இருக்கு பாருங்க! விட்ட எடத்துலருந்து எடுக்குமாம். பொங்கி வழிஞ்ச பாலு திரும்பச் சட்டிக்குள்ள போகுமா? ஓடுறத நோண்டாதலன்னு சொல்லிட்டேன். ஆறு மாசமா நச்சரிச்சான். நானும் ஆறு மாசமா அதையேதான் சொன்னேன். இளந்தாரிப் பயலுவளுக்குக் கஷ்டப்படாம எல்லாம் நடக்கணும். கஷ்டப்படாம ஏறுன கேமுக்கு என்ன மதிப்பு இருக்கும், சொல்லுங்க.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன தசராவுக்கு எங்க கடையில போட்டி வச்சோம். எட்டு டீமு. புதுசா வந்த கிரிக்கெட் கேம், ஊர்ல வேற எந்தக் கடையிலயும் எறங்காதது. விஜயதசமியன்னைக்கு மத்தியானம் பன்னெண்டரைக்குப் போட்டின்னு தெருத்தெருவா நோட்டீஸ் ஒட்டியாச்சு. ஒரு வாரமா பயலுவ அந்தக் கேமப் பத்தியேதான் பேசிக்கிட்டுக் கெடந்தானுவ. நாயகம் ஆயுத பூஜையன்னைக்குக் காலையில பொட்டலத்தோட வந்து நிக்கான். "அத்தான், இன்னைக்கே ஏத்தி வச்சிருவோம். நாளைக்கு நிம்மதியா இருக்கலாம்."

ஆயுத பூஜையன்னைக்கு! ஆயுதத்த! தொடணுமாம்! இவன் படிச்ச காலேஜுல இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாவளா? அன்னைக்குத் தச்சன் உளியத் தொடுவானா, டிரைவரு ஸ்டியரிங்கத் தொடுவானா? ஹார்ட் டிஸ்க வாங்கிச் சந்தனம், குங்குமம் வச்சு, மெஷினு, ரிமோட்டு எல்லாத்தோடயும் சாமி முன்னால அடுக்கி, பொரிகடலை, சுண்டல் படைச்சு, சூடம் காட்டிட்டு, மறுநாள் மறுபூஜை முடியிற வரைக்கும் எவனும் கைய வைக்கப்படாதுன்னுட்டேன். அவன் ஹார்ட் டிஸ்க்ல வயரு சொருகுற எடத்துல மட்டும் சந்தனம் படாம ஒரு துண்டு பேப்பரச் சுத்தி வச்சிட்டுப் போனான். பக்தி கம்மி.

மறுநாள் வியாழக்கிழமை. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். டாண்ணு பத்தே முக்காலுக்கு வலப்பக்கம் சொருகுனேன். ஏற ஆரம்பிச்சுது. ஒரு மணி நேரத்துச் சோலி. பயலுவ எட்டு டீமும் வந்தாச்சு, வெளிய செருப்புக் குமிஞ்சு கெடக்கு. பத்து, இருபது, நாப்பது, அம்பது சதவீதம். சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது. எனக்கு ஒரே ஒரு கொறை. சாமி பாட்டு இல்லாம கடை மொட்டையா இருக்கேன்னு. உலகம்மா வாங்கித் தந்த மந்திரப் பெட்டி ஒண்ணு உண்டு, சின்னதா, இருபது மந்திரம் பாடும். பேட்டரி தீந்து கெடந்துது. ஆனா வயரு இருக்கே, மெஷின்ல சொருகுனா அதுலருந்து கரண்ட எடுத்துக்கிடும். சாமிய வலப்பக்கம் வச்சு, பாட்ட ஓட விட்டு, கண்ண மூடி ஒரு கும்பிடு போட்டேன்.

நாயகம் பக்கத்துல தொடப்பத்தோட நின்னான். நேத்துப் படச்ச பொரி தரையெல்லாம் செதறிக் கெடந்துது, அதக் கூட்டிக்கிட்டு இருந்தான். "அத்தான், அந்த..."ன்னு ஆரம்பிச்சான். "பேசாதல, மந்திரம் ஓடுது"ன்னேன். கண்ணத் தொறந்து பாத்தா அறுபத்திமூணுல நிக்கி.

அறுபத்திமூணு! நாயன்மாரு எண்ணிக்கை. நல்ல சகுனம்லான்னு நெனச்சேன். அஞ்சு நிமிஷமாச்சு, அசையல. அப்புறம் செவப்பா ஒரு நம்பர். மூணு, ஏழு, ரெண்டு, அஞ்சு. கூட்டிப் பாத்தா பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டு யாரு? சனி!

நாயகம் என்ன சொல்லுதான் தெரியுமா? "அத்தான், இப்பவே திரும்பப் போட்டா பன்னெண்டரைக்கு முடிஞ்சிரும். போடவா?" சனி வந்து நடுவீட்டுல ஒக்காந்திருக்கான், இவன் திரும்பப் போடவாங்கான்! எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து சுத்தி, நாலு மூலையிலயும் வச்சேன். ஒரு மெஷின் சும்மா நிக்குமா? யாரோ தொட்டுத்தான நின்னிருக்கணும்? தொடப்பத்தோட பக்கத்துல நின்னது யாரு? கேட்டுட்டேன். எட்டு டீமு முன்னாலயும் கேட்டுட்டேன். "பொரியக் கூட்டுறேன் பொரியக் கூட்டுறேன்னு வயர இழுத்து விட்டுட்டியேல, கூறு இருக்கால ஒனக்கு? ஒருத்தன் வேல செய்யிற எடத்துல தொடப்பத்துக்கு என்ன சோலி?"

உலகம்மா அப்பதான் சுண்டல் கிண்ணத்தோட உள்ள வாரா. அவன் அக்காவப் பாத்தான். என்னப் பாத்தான். "இருக்கும் அத்தான். சரி, திரும்பப் போடுவோம்"னான்.

பாத்தியளா? இருக்குமாம்! வாயால ஒத்துக்கிட்டான். நான் விடுவேனா? பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. என் தொழில், என் நோட்டீஸு, என் மானம்னு பேசிப் பேசி, ஒண்ணரை ஆயிட்டு. ஒண்ணரைக்கு ராகு காலம். மூணு வரைக்கும் மெஷினத் தொடப்படாது. எட்டு டீமும் செருப்பத் தேடி மாட்டிக்கிட்டு எதுத்த தெருக் கடைக்குப் போயிட்டானுவ, பழைய கேமே போதும்னு. போகும்போது ஒருத்தன், "அண்ணாச்சி, எலுமிச்சம்பழத்த வீணாக்காம ஜூஸு போடுங்க"ங்கான். சவத்துப்பய.

அன்னைக்குச் சாயங்காலமே நாயகம் அவன் ஆத்தா வீட்டுக்குக் கெளம்பிட்டான். சண்டை கிண்டை ஒண்ணும் போடல. அவன் சட்டை ரெண்டு கடையில தொங்குச்சு, அத மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனான்.

உலகம்மா ஒரே பாட்டு. "என் தம்பி தொட்டிருக்க மாட்டான். அவன் மெஷினத் தொட்டாலும் பிள்ளையத் தொடுத மாதிரித் தொடுவான்." சோத்துலயும் அதே பாட்டு, கொழம்புலயும் அதே பாட்டு. எத்தன நாளைக்குக் கேக்க? "அப்ப ஒன் தம்பி வந்து சுடலை கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்"னேன். உங்க பக்கமும் உண்டுல்லா அந்த வழக்கம்? களவோ, பொய்யோ, ரெண்டு பேருக்குள்ள தீராத வழக்கு வந்தா சாமி முன்னால அணைக்கணும். பொய்யின்னா பொய்யி யாரு மேல இருக்கோ அவனுக்கு நாப்பத்தோரு நாளைக்குள்ள தெரிஞ்சிரும். கை போகும், கண்ணு போகும்பாவ. அது அந்தச் சுடலைக்குத்தான் வெளிச்சம்.

மறு வெள்ளி கோயில்ல கூடுனோம். என் மாமியார், உலகம்மா, கோயில் பூசாரி, நான். கற்பூரம் எரியுது. நாயகம் கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கான். அணைக்க மாட்டேங்கான். "நான் அணைச்சா அக்காவுக்குத்தான் கேடு அத்தான். வேண்டாம், விட்டுருங்க"ங்கான். எரிஞ்சு, எரிஞ்சு, கற்பூரம் தானா அணைஞ்சு போச்சு. கரி மட்டும் கெடக்கு.

நான் பூசாரியப் பாத்துச் சிரிச்சேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாவல்லா? யோக்கியனா இருந்தா டப்புன்னு அணைக்க வேண்டியதுதான? அதுல அக்காவ வேற இழுக்கான், மெரட்டுதான்!

ஒரு மாசம் கழிச்சுத்தான் வெனை. ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில ஒக்காந்திருக்கோம். பக்கத்துல ஒருத்தரு, "மச்சினன எங்க காணோம்"னு கேட்டாரு. கேட்டா சொல்லணும்லா? சொன்னேன். அறுபத்திமூணு, தொடப்பம், கற்பூரம், அவன் நடுங்குனதுன்னு எல்லாம் சொன்னேன். கொஞ்சம் நடுங்கியும் காட்டுனேன். பந்தியே சிரிச்சுது. எதுத்த வரிசையில உலகம்மா. எலையில சோறு அப்படியே கெடக்க, கைய ஒதறிட்டு எந்திரிச்சிட்டா. பந்தியில பாதியில எந்திரிக்கலாமா? ஒரு பொம்பளைக்கு அவ்வளவு ரோஷம் ஆகுமா?

வீட்டுக்குக்கூட வரல. மண்டபத்துலருந்தே ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அவன் அணைக்கல, சரி. நீங்க போயி அணைங்க. நான் புடுங்கலன்னு சொல்லி நீங்க அணைங்க. அணைச்சிட்டு வாங்க, நான் மறுபேச்சுப் பேசாம வாரேன்."

இவ்வளவுதானான்னு எனக்குச் சிரிப்பா வந்துது. அன்னைக்கே கெளம்பியிருப்பேன். கடை இருக்கே? அதான் ஒரு மாசம் இழுத்துட்டு.

மறைக்க என்ன இருக்கு அண்ணாச்சி, அந்த ஒரு மாசம் எனக்குச் செத்த பொழப்பு. சோத்துக்கு ஓட்டல். ராத்திரி வீட்டுக்குப் போனா லைட்டப் போட ஆளில்ல. டீத்தண்ணி போடுவோம்னு போனா சீனி எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியல, பதினாலு வருஷமா அந்த வீட்டுல இருக்கேன். அவ இல்லாம என்னால முடியல. இதப் போயி நான் அவகிட்டச் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்க யாரோ எவரோ, எறங்கிப் போயிருவிய.

கடையிலயும் அந்தக் கேம் ஏறவே மாட்டேங்கு. நாலு மட்டம் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒண்ணு ஃபார்மட் சரியில்லங்கு, ஒண்ணு எடம் பத்தலங்கு. கடைசியில நாயகம் வேல பாத்த மேசைய உருட்டுனேன். அதுல ஒரு பென் டிரைவ், நூலு கட்டி, ஒரு சீட்டு. 'அத்தான், ஒண்ணும் முடியலன்னா இத மட்டும் போடுங்க. எந்த ஓட்டையில வேணும்னாலும் சொருகலாம்.' அவன் கையெழுத்து. புது இன்ஸ்டாலரு! போறதுக்கு முந்தி எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். திமிரப் பாத்தியளா? நான் முடியாமப் போவேன்னு அவனுக்குத் தெரியுமாம்.

வேற வழியில்லாமப் போட்டேன். சவம், நல்லாத்தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க எப்படிச் சொருகுனாலும் படிக்கி. பொட்டலம் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டருக்குள்ள கெடந்துது, தேடிப் புடிச்சிட்டு. மொதல்ல பொட்டலம் முழுசா இருக்கான்னு பாத்துக்கிடுது, எடம் பாத்துக்கிடுது, அப்புறமா ஏத்துது. நானும் சோதிச்சுப் பாப்போம்னு வேணும்னே நடுவுல வயரப் புடுங்குனேன். "டிரைவக் காணோம், திரும்பச் சொருகுங்க"ன்னு பொறுமையாச் சொல்லுது. சொருகுனா விட்ட எடத்துலருந்து எடுக்குது. மூணு மட்டம் புடுங்குனேன். மூணு மட்டமும் எடுத்துட்டு. எனக்கு ஆத்திரமா வந்துது. ஒரு மெஷினுக்கு இவ்வளவு பொறுமை எதுக்கு? மனுசனக் கேலி பண்ணுதா?

ராகு காலத்துல வேற ஏறி முடிஞ்சுது. வேணும்னேதான் ராகு காலத்துல போட்டேன், நிக்கட்டும்னு. நிக்கல.

ஆனா ஒரு நல்லது நடந்துது. சுடலை கண்ணத் தொறந்துட்டான்னுதான் சொல்லணும். அந்தப் புது இன்ஸ்டாலருல சரித்திரம்னு ஒரு பக்கம் இருக்கு. இதுக்கு முந்தி எந்தெந்தக் கேம் எப்ப ஏறுச்சு, எப்ப நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு மணி, நிமிஷம், நொடியோட போட்டிருக்கு. பழசும் எல்லாத்தையும் எழுதித்தான் வச்சிருந்துதாம், காட்டத் தெரியாம வெறும் நம்பரக் காட்டியிருக்கு. நான் விஜயதசமியன்னைக்கு உள்ளதத் தேடி எடுத்தேன். போட்டோ புடிச்சு வச்சிருக்கேன். ஆதாரம்! உலகம்மா மூஞ்சிக்கு நேராக் காட்டிட்டுத்தான் கற்பூரத்த அணைக்கணும். இந்தாங்க, பாருங்க. கண்ணாடி இல்லையா? நானே படிக்கேன்.

'11:22:05. டிரைவ் எடுக்கப்பட்டது.' பாத்தியளா! டிரைவ்னா ஹார்ட் டிஸ்க். தானா நிக்கல. எடுத்திருக்கான்! நான் அன்னைக்குச் சொன்னது ரைட்டா தப்பா? '11:22:09. வலது போர்ட்டில் வேறு சாதனம் சொருகப்பட்டது.' போர்ட்டுன்னா ஓட்டை. அது அவன் போனச் சார்ஜுக்குப் போட்டிருப்பான், அவனுக்கு எப்பவும் அதே சோலி. '11:22:26. டிரைவ் இடது போர்ட்டில் சொருகப்பட்டது.' எடுத்து, தன் போனச் சொருகிட்டு, களவாணி மாதிரி எடப்பக்கம் சொருகி வச்சிருக்கான். மணி வாரியா மாட்டிக்கிட்டானா? இந்தப் புது இன்ஸ்டாலர அவனே வச்சிட்டுப் போயி அவனே மாட்டிக்கிட்டான். தன் வினை தன்னச் சுடும்.

என்ன கேட்டிய?

மந்திரப் பெட்டியா? அத... வலப்பக்கம்தான் சொருகுனேன். சொன்னேம்லா, சாமி வலப்பக்கம் இருக்கணும்னு.

ஹார்ட் டிஸ்கா? அதுவும் எப்பவும் வலப்பக்கம்தான். அதையும் சொன்னேம்லா.

ரெண்டும் எப்படி ஒரே ஓட்டையிலன்னா கேக்கிய.

இருங்க. இருங்க அண்ணாச்சி. ஒரு நிமிஷம் இருங்க. கண்டக்டர் என்ன சொல்லுதாரு? பூவரசங்குளம் அடுத்ததா?

நான் வயரப் புடுங்கல. புடுங்குறதுன்னா வெடுக்குன்னு இழுக்கிறது. நான் மெதுவாத்தான் எடுத்தேன். எடுத்து எடப்பக்கம் மாத்தி வச்சேன், சாமிக்கு எடம் விட்டு. ஒரு நல்ல காரியத்துக்கு மாத்தி வைக்கிறதும் புடுங்குறதும் ஒண்ணா? சொல்லுங்க, ஒண்ணா?

...ஆமா. மெஷினுக்கு ஒண்ணுதான்.

அன்னைக்கு "பேசாதல, மந்திரம் ஓடுது"ன்னு சொன்னேன் பாருங்க, அப்ப அவன் அதத்தான் சொல்ல வந்திருக்கான். அவன் பாத்திருக்கான். தொடப்பத்தோட நின்னு பாத்திருக்கான். எட்டு டீமு முன்னால, அவன் அக்கா முன்னால, "எடுத்தது அத்தான்தான்"னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்? இருக்கும் அத்தான்னான். இருக்கும்னு சொன்னானே, பாவிப்பய.

கோயில்ல... அவன் அணைச்சிருக்கலாமே அண்ணாச்சி. அவன் மேல குத்தமே இல்லையே, டப்புன்னு அணைச்சிட்டுப் போயிருக்கலாமே. நான் புடுங்கலன்னு அவன் அணைச்சா, அப்பப் பொய்யி யாரு மேல? எம்மேலல்லா. கையோ கண்ணோ எனக்குல்லா போகும். நாப்பத்தோரு நாளைக்குள்ள எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாலிய அறுத்துக்கிட்டு நிக்கப் போறது அவன் அக்கால்லா. அக்காவுக்குத்தான் கேடுன்னு சொன்னான். நான் சிரிச்சேன். பூசாரியப் பாத்துச் சிரிச்சேன். பந்தியில நடுங்கிக் காட்டுனேன். தண்ணி இருக்கா? குடுங்க.

உலகம்மா போகும்போது சொன்னாளே, நீங்க போயி அணைங்கன்னு. அவளுக்குத் தெரியும். அவன் சொல்லியிருக்க மாட்டான், ஆனா அவளுக்குத் தெரியும். நான் அணைப்பேனா மாட்டேனான்னு பாக்கத்தான் சொல்லியிருக்கா. நான் ஒரு டப்பா கற்பூரம் வாங்கிக்கிட்டு, புதுத் துண்டு போட்டுக்கிட்டு, ஆதாரத்தோட வந்துக்கிட்டிருக்கேன், கோட்டிக்காரன் மாதிரி.

இங்கனதான் நிறுத்தணும்! ஏங்க, விலக்கு, விலக்கு! எறங்கணும்!

வழி விடுங்க அண்ணாச்சி. அணைக்க மாட்டேன். கோயில் பக்கம் போகவே மாட்டேன், நேரா அவுங்க வீட்டுக்குத்தான். நாயகம் இருப்பான். நான்தாம்பா அதுன்னு சொல்லிருவேன். அவ முன்னாலயே சொல்லணும், கடையில எல்லாரு முன்னாலயும்லா கேட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சா சிரிச்சுட்டுப் போட்டும். ஆனா அண்ணாச்சி, அந்த மந்திரப் பெட்டிய வாங்கிட்டு வந்தது உலகம்மா. அத மட்டும் நான் சொல்லாம விட மாட்டேன், அதுவும் உண்மதான?

இந்தாங்க, இந்தப் பைய நீங்களே வச்சுக்கிடுங்க. நல்ல கட்டிக் கற்பூரம், வீட்டுல சாமிக்குக் கொளுத்துங்க. என்னத்த வேணும்னாலும் வேண்டிக்கிடுங்க. சத்தியம் மட்டும் பண்ணிராதிய.